எண்ணி எண்ணி

அவன் பெயரை நான் முதன்முதலில் கேட்டபோது, அது ஒரு பெயர் என்றே எனக்குத் தெரியாது. பாட்டில் வருகிற சொல் என்றுதான் நினைத்தேன். அதுவும் இழவு வீட்டுப் பாட்டு.

என் தங்கை வீட்டின் பின்கட்டில் ஓர் அறை உண்டு. தங்கையின் கணவர் இருந்தவரை அதில் உடைந்த சைக்கிள்களைப் போட்டு வைத்திருந்தார். அவர் போனார், பின்னாலேயே சைக்கிள்களும் போயின. பிறகு தங்கை மகள் அந்த அறையைப் பிடித்துக்கொண்டாள். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினாள், தரையில் பழைய கம்பளம் விரித்தாள், இனிமேல் சத்தம் வெளியே போகாது என்றாள். போனது. நாலு வீடு தாண்டியும் போனது. சின்ன வயதில் கீச்சுக் குரல் என்பதால் அவளுக்குக் குருவி என்று பெயர். இப்போது முப்பது வயது. குரல் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி இருக்கிறது. ஆனாலும் குருவி குருவிதான். அவளும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து பழைய நாட்டுப் பாட்டுகளை எடுத்து, கிட்டாரும் டிரம்ஸும் வைத்து, ஜன்னல் அதிரப் பாடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கே ‘பின்கட்டு’ என்றுதான் பெயர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு நான் தங்கையைப் பார்க்கப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாட்டு கேட்டது.

“எடுத்த வேலை பாதியிலே, எண்ணி எண்ணி,
இருந்த கையி எங்கே போச்சோ, எண்ணி எண்ணி…”

அது என் அத்தையின் பாட்டு. அப்பாவோடு பிறந்த மூத்தவள். சாவு விழுந்த வீடுகளில் பாடுவதற்கு அவளைத்தான் தேடி வருவார்கள். அவள் சாவதற்கு முந்தின வருடம் என் வீட்டுக்காரர் அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கேசட் நிறையப் பாட வைத்துப் பதிவு செய்தார். அந்த கேசட் என் அலமாரியில்தான் இருந்தது. குருவி என்னைக் கேட்டுத்தான் எடுத்துப் போனாள், திருடவில்லை. ஆனால் எதற்கென்று நானும் கேட்கவில்லை.

பாட்டு முடியும்வரை கதவோரம் நின்றேன். கிட்டார் இழுத்தது, குழல் அழுதது, டிரம்ஸ் நெஞ்சுக்குள் வந்து அடித்தது. அத்தை கேட்டிருந்தால் முதலில் திட்டியிருப்பாள், பிறகு இன்னொரு தரம் போடச் சொல்லியிருப்பாள். உள்ளே போய்ச் சொன்னேன்:

“நல்லா இருக்குடி. அதுவும் அந்த ‘எண்ணி எண்ணி’ன்னு போட்டீங்க பாரு, நெனச்சு நெனச்சு அழற மாதிரி, அது ரொம்ப நல்லா இருக்கு.”

நாலு பேரும் சிரித்தார்கள். கிட்டார்க்காரன், அவனைக் கம்பி என்பார்கள், ஆளும் கம்பி மாதிரிதான் இருப்பான், தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

“பெரியம்மா, அது சொல்லு இல்ல. ஆளு,” என்றாள் குருவி. பிறகு அறை மூலையைப் பார்த்து, “எண்ணி! பெரியம்மாவுக்கு ஒரு டீ ஊத்து,” என்றாள்.

மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்த ஒருவன் திரும்பினான். நாற்பதை நெருங்குகிற வயது, காதோரம் நரை, விரல் நுனியெல்லாம் வார்னிஷ் பிடித்துப் பழுப்பு. “சர்க்கரை போட்டது, பரவால்லையாம்மா?” என்று கேட்டான். டம்ளரை வாங்கினேன். பாதி டீ கம்பளத்தில் கொட்டியது. இப்போதுதான் அவனுக்காக அழுது முடித்திருக்கிறார்கள். அவன் எனக்கு டீ ஊற்றித் தருகிறான்.

யாரையாவது பார்த்தால் அவன் யார் மகன், யார் மருமகன் என்று விசாரிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. விசாரித்தேன். என் வீட்டுக்காரரின் சித்தப்பாவுக்கு ஒரு சகலை இருந்தார், தண்ணீர் பம்பு ஓட்டுகிற வேலை. அவருடைய மூத்த அக்காவுக்குக் கொள்ளுப்பேரன் இவன். சுற்றி வளைத்தால் எனக்குப் பேரன் முறை. அப்பனை ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன், பந்தியில் மூன்று தரம் உட்கார்ந்த ஆள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் என்ன என்று கேட்டேன். தாத்தாவின் பெயரைச் சொன்னான். சொல்லிவிட்டு, வேறு யாரையோ சொன்ன மாதிரி அவனே சிரித்தான். அந்தப் பெயரில் அவனைக் கூப்பிட்டு இருபது வருடமாயிற்றாம்.

எண்ணி என்ற பெயர் தொழிலில் வந்தது. எரிந்துபோன மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டுகிறவன் அவன். தலைமுடிப் பருமனில் ஒரு செம்புக் கம்பியை மெஷினில் கோத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அச்சில் ஏற்ற வேண்டும். சின்ன மோட்டாருக்குக் காயில் ஒன்றுக்கு முன்னூற்று இருபது சுற்று. ஒன்று குறைந்தாலும் கூடினாலும் மோட்டார் முனகும், சூடேறும், திரும்பி வரும். மற்ற கடைகளில் சுற்றைக் கணக்கிட மெஷினில் ஒரு மீட்டர் இருக்கும். அவன் மெஷின் மீட்டர் உடைந்து எத்தனையோ வருடம். “எனக்கெதுக்கு மீட்டர்?” என்பான். வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றுவான். நடுவில் வாடிக்கையாளரோடு பேசுவான், மழையைப் பற்றிச் சொல்வான், பேச்சு முடிந்ததும் விட்ட எண்ணிலிருந்து தொடருவான். ஒரு சுற்று தப்பியதில்லை. அந்த எண்ணிக்கைதான் அவனை டிரம்ஸுக்கும் கொண்டுபோனது. பாட்டு தொடங்குமுன் “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்பது அவன் குரல்தான்.

டீ டம்ளரை வைத்துவிட்டுக் குருவியிடம் கேட்டேன். “‘எண்ணி எண்ணி’ வர்ற எடத்துல அத்தை வேற ஒண்ணு பாடியிருப்பாளே?”

“ஆமா பெரியம்மா. ‘குடமே குடமே’ன்னு பாடியிருந்தாங்க. கேட்டுட்டு உருண்டு உருண்டு சிரிச்சோம்.”

“குடத்துக்கு யாராவது ஒப்பாரி வைப்பாங்களா?” என்றான் கம்பி. “அதே அளவுல வேற வார்த்தை தேடினோம். இவன் பேரு அப்படியே உக்காந்துடுச்சு. கேக்கறவங்களுக்கு அர்த்தமும் வருது. நீங்களே சொன்னீங்களே.”

அந்த இடம் செத்தவர் பெயருக்கான இடம். பிணம் இல்லாத வீட்டில் பாடிப் பார்க்க வேண்டி வந்தால், அந்த இடத்தில் உயிருள்ள பெயரை அத்தை வைக்க மாட்டாள். குடத்தை வைப்பாள், விளக்குமாற்றை வைப்பாள். பதிவு செய்த அன்றைக்கு என் வீட்டில் எதிரே குடம் இருந்தது, குடத்தை வைத்தாள். இவர்களுக்கு அது கிழவியின் கோமாளித்தனமாகப் பட்டிருக்கிறது. இவர்களுக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லையே. நான் சொன்னேன். பெயரை மாற்றுங்கள் என்றேன்.

குருவி உதட்டைக் கடித்தாள். “போன வெள்ளிக்கிழமையே வெளிய விட்டுட்டோமே பெரியம்மா. நேத்து வரைக்கும் நாப்பதாயிரம் பேரு கேட்டிருக்காங்க.”

எண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “நாப்பதாயிரம் பேரா எனக்கு அழுதாங்க?” என்று சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

ஒரு மாதத்தில் அந்தப் பாட்டு பஸ்ஸில் கேட்டது, முடி வெட்டுகிற கடையில் கேட்டது, எதிர்வீட்டுக்காரரின் போன் மணியாகக் கேட்டது. மொத்தம் இரண்டு சுற்றுதான் அவர்கள் பாடியிருந்தார்கள். முதல் சுற்று செத்தவனின் கையைத் தேடுவது. இரண்டாவது வீட்டைச் சொல்வது: “சாத்தாத கதவிருக்க, எண்ணி எண்ணி, சத்தமில்லா வீடாச்சே, எண்ணி எண்ணி.” மூன்றாவது சுற்று கேசட்டின் மறுபக்கம் இருந்தது. மறுபக்கத்தைத் திருப்பிப் போட அவர்களுக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது மாதம் ஒரு புதன்கிழமை, எண்ணியும் அவன் மனைவியும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவள் ஒரு தையல் ஆலையில் காலர் வைக்கிற வேலை. நல்ல வாய்க்காரி என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்து முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சொல்லுடா,” என்றேன்.

“மோட்டார் திரும்பி வருது பெரியம்மா,” என்றான். பேரன் முறை என்று சொல்லியும் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிடுவான். “பிரிச்சுப் பாத்தேன். காயிலுக்கு ஒரு சுத்து கம்மி. சரி, கை தவறியிருக்கும்னு மறுபடி சுத்தினேன். அதுலயும் ஒண்ணு கம்மி. இப்ப ரெண்டு கம்மியா வருது.”

“கண்ணு பாரு. கண்ணாடி போடு.”

“கண்ணு இல்ல,” என்றாள் மனைவி. “நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். சரியாத்தான் எண்ணிக்கிட்டு வராரு. இருநூத்தி ஆறு வரைக்கும் சரி. இருநூத்தி ஏழு சொல்லும்போது வாய் அசையுது பெரியம்மா, சத்தம் இல்ல. கையும் நின்னுடுது. அப்புறம் இருநூத்தி எட்டுன்னு சத்தம் வருது, கையும் சுத்துது. கேட்டா, ‘ஏழு சொன்னேனே’ங்கறாரு.”

“சொன்னேன்தான்,” என்றான் அவன். “என் காதுக்குக் கேட்டுச்சு.”

என் பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், “சரி, வேற?” என்றேன்.

வேறும் இருந்தது. முந்தின வாரம் ஒரு அம்மா மிக்சி மோட்டாரை வாங்கிப் போக வந்தாளாம். கடை வாசலில் மனைவி நின்றிருந்தாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “கேள்விப்பட்டேன்மா. நல்ல மனுஷன். எப்படி ஆச்சு?” என்றாள். அவன் உள்ளே மெஷின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். “அக்கா, நான் இங்கதான் இருக்கேன்,” என்றான். அந்த அம்மா கடைக்குள் எட்டிப் பார்த்து, “உள்ள இருட்டா இருக்கு, லைட்டு போடக் கூடாதா?” என்று கேட்டுவிட்டு, மறுபடி இவளிடம் திரும்பி, “மனசைத் தேத்திக்க,” என்று போனாள்.

“லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு பெரியம்மா,” என்றான் அவன்.

“அது கூடப் பரவால்ல,” என்றாள் மனைவி. “எங்க ஆலையில ஒரு வரிசையில முப்பது பேரு. முப்பது மெஷினும் ஓடும்போது எல்லாரும் அதைத்தான் முணுமுணுக்கறாங்க. தையல் ஓட்டத்துக்கு அந்தத் தாளம் அப்படிப் பொருந்துது. இத்தனை வருஷத்துல நான் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. நான் ஒரு நாளும் சொல்லாத பேரை முப்பது பேரு என்னைச் சுத்தி உக்காந்து சொல்லிச் சொல்லி அழறாங்க. நிறுத்துங்கன்னு எப்படிச் சொல்ல? பாட்டுதானேங்கறாங்க.”

அவன் வந்த விஷயம் அதுவல்ல. கம்பி கேசட்டின் மறுபக்கத்தைக் கேட்டுவிட்டானாம். ஊர் விளையாட்டு மைதானத்தில் ஒரு பெரிய கச்சேரி வருகிறது. அதில் மூன்றாவது சுற்றையும் சேர்த்து முழுப் பாட்டாகப் பாடலாம் என்கிறானாம்.

“மூணாவது சுத்துல என்ன இருக்கு பெரியம்மா?”

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. முதல் இரண்டு சுற்று பிணம் வீட்டில் இருக்கும்போது பாடுவது. மூன்றாவது, ஆளைத் தூக்கி வாசல் தாண்டிய பிறகு. குரலை ஒரு கட்டை ஏற்றிப் பாட வேண்டும். “கூப்பிட்டேன் திரும்பலையே, கூட வர வழியில்லையே” என்று வரும். அது வழியனுப்புவது. அதோடு அந்தப் பெயருக்கும் அந்த வீட்டுக்கும் உறவு தீர்ந்தது.

“அன்னைக்கு உங்க அத்தை குடத்துக்கு மூணு சுத்தும் பாடினாங்களே. அந்தக் குடம் என்ன ஆச்சு?”

அதைக் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எழுந்துபோய் அடுப்பங்கரையிலிருந்து குடத்தை எடுத்து வந்து காட்டினேன். பித்தளைக் குடம். பருப்பு போட்டு வைத்திருக்கிறேன். அத்தை பாடிய மறுநாளிலிருந்து அதில் தண்ணீர் நிற்பதில்லை. ஓட்டை இல்லை. பாத்திரம் ஈயம் பூசுகிறவரிடம் இரண்டு தரம் காட்டியாயிற்று. வெயிலில் தூக்கிப் பிடித்து உள்ளே கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “குடம் நல்லாத்தானே இருக்கு” என்றார். ராத்திரி நிறைத்து வைத்தால் காலையில் காலி. தரையும் ஈரமில்லை.

அவன் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தட்டிப் பார்த்தான். நல்ல குடத்துச் சத்தம்தான் வந்தது.

“மூணாவது சுத்துல கூப்பிடும்போது திரும்பிட்டா என்ன ஆகும்?” என்றான்.

“செத்தவன் எங்கடா திரும்புவான்?”

“செத்தவன் திரும்ப மாட்டான். உயிரோட இருக்கறவன் திரும்பினா?”

அத்தை அதைச் சொல்லவில்லை. அத்தைக்கு அப்படி ஒரு கேள்வியே வந்திருக்காது.

அன்றைக்கே நான் தங்கை வீட்டுக்குப் போய்க் குருவியைப் பிடித்தேன். அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். கச்சேரியில் குடமே என்றுதான் பாடுவேன், மூன்றாவது சுற்றைத் தொடவே மாட்டேன் என்றாள். கம்பிதான் முறைத்தான். “மூடநம்பிக்கை புடிச்ச டிரம்ஸ்காரனை முதல்முறையா பாக்கறேன்.” கூடவே வந்திருந்த எண்ணி என்னை வாசலுக்குக் கூட்டிப்போனான். “நான் வாசிக்கலைன்னா வேற ஆளை வச்சு இதைப் பாடுவாங்க. நான் பக்கத்துலயே இருக்கறது நல்லது,” என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு. வெயில் இறங்கவில்லை. மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால், எனக்கும் அவன் மனைவிக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அங்கிருந்து அவன் முதுகும் அதற்கப்பால் மைதானமும் தெரிந்தன. அத்தனை தலைகளை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. மனைவி கையில் ஒரு பிளாஸ்க்.

ஐந்தாறு பாட்டு நன்றாகப் போனது. பிறகு அவன் “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்றான். சனம் அதைக் கேட்டதுமே எது வருகிறதென்று தெரிந்துகொண்டு ஆர்ப்பரித்தது.

“எடுத்த வேலை பாதியிலே, குடமே குடமே…” என்று குருவி பாடினாள்.

முதலில் சிரிப்பு எழுந்தது. யாரோ விசிலடித்தார்கள். “இருந்த கையி எங்கே போச்சோ” என்று அவள் அடுத்த வரியைத் தூக்கியதும், அந்த இடத்தில் அவள் வாய் திறக்குமுன், மைதானம் முழுக்க அந்தப் பெயரைப் போட்டது. எண்ணி எண்ணி. அவள் மைக்கில் குடமே என்று கத்தியது எங்கள் காதுக்கே கேட்கவில்லை. இரண்டாவது சுற்றில் அவள் கத்தவும் இல்லை. கதவையும் வீட்டையும் அவர்களே பாடிக்கொண்டார்கள். பள்ளிச் சீருடைப் பெண் பிள்ளைகள், கைக்குழந்தைக்காரிகள், என் வயதுக் கிழவர்கள், எல்லோரும் சிரித்த முகத்தோடு. எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஒருவர் முகத்திலும் அழுகை இல்லை.

இரண்டாவது சுற்று முடிந்தது. குருவி மைக்கை விட்டு விலகி, நிறுத்து என்று கையை அசைத்தாள். குழல் நின்றது. எண்ணி டிரம்ஸ் குச்சிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். ஆனால் கம்பியின் கை நிற்கவில்லை. வேண்டுமென்று செய்தானோ என்னவோ, இன்றுவரை இல்லையென்றுதான் சொல்கிறான்; விரல் தானாக ஒரு கட்டை மேலே ஏறிற்று என்கிறான். ஏறியது. சனமும் கூட ஏறியது. மூன்றாவது சுற்றின் வரிகள் அவர்களுக்குத் தெரியாது. பெயர் மட்டும் தெரியும். அந்த உச்சத்தில் அதை மட்டும் சொன்னார்கள், எண்ணி எண்ணி, எண்ணி எண்ணி என்று. டிரம்ஸ் இல்லாவிட்டால் என்ன, கை தட்டித் தாளம் போட்டார்கள். தாளம் பிசகவில்லை.

அவன் எழுந்தான். மைதானத்துக்கு முதுகைக் காட்டி எங்கள் பக்கம் திரும்பி நின்றான். பெயர் முதுகில் வந்து மோத மோத அவன் கழுத்து நரம்பு துடித்தது. இருபது வருடமாக அந்தச் சொல் காதில் விழுந்ததும் திரும்பிய கழுத்து. அன்றைக்கு எனக்கு டீ கொடுக்கத் திரும்பிய கழுத்து. இதோ திரும்பிவிடுவான் என்று நினைத்தேன். தாடை கொஞ்சம் அசைந்தது. கூப்பிடலாமென்றால் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது?

பக்கத்தில் இருந்தவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பிளாஸ்க்கை உயர்த்திக் காட்டினாள்.

“ஏங்க!” என்றாள், வீட்டில் கூப்பிடுகிற அதே குரலில். “டீ ஆறுது, வாங்க.”

அவன் அவளைப் பார்த்தான். குச்சிகளை இருக்கை மேல் வைத்தான். நேராக நடந்து எங்களிடம் வந்து, டீயை வாங்கிக் குடித்தான். பின்னால் அவர்கள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஓய்ந்தது. ஓய்ந்ததும் மைதானம் கைதட்டியது. அவ்வளவுதான். மேடை சரியவில்லை, யாரும் விழவில்லை.

வண்டியில் வரும்போது நான் கேட்டேன். “திரும்பாம இருந்தியே, எப்படிடா?”

“அவங்க அவனைக் கூப்பிட்டாங்க பெரியம்மா,” என்றான். “நான் ஏன் திரும்பணும்?”

எனக்கு நிம்மதி வந்தது. மறுநாள் காலை வரை இருந்தது.

மறுநாள் மனைவி அவனை நாலு முட்டை வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள். கடைவரை போனவன் வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றான். “நாலுன்னா எவ்வளவு?” என்று கேட்டான். விளையாடுகிறான் என்று நினைத்து, “உங்க தலை” என்றாள். அவன் விளையாடவில்லை. கை விரலை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒன்று என்பது கூட அவனுக்கு வாயில் வரவில்லை. வைத்தியரிடம் காட்டினார்கள். தலையைப் படம் எடுத்தார்கள். வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பாத்திரம் ஈயம் பூசுகிறவர் சொன்ன அதே வார்த்தை.

பேச்சு சரியாக இருக்கிறது. முகம், முறை, வழி எல்லாம் நினைவிருக்கிறது. என்னைப் பார்த்தால் குடத்தில் இன்னும் பருப்புதானா என்று கேட்பான். எண்ணிக்கை மட்டும் இல்லை. அந்தப் பெயரும் அவனுக்கு இல்லை. பின்னால் நின்று எண்ணி என்று கத்தினால் அவன் காதில் விழுவது தெரியும், ஆனால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒதுங்கி வழிவிடுவான். அவன் மனைவிதான் தைரியசாலி. மெஷினில் புது மீட்டர் ஒன்று மாட்டினாள். மீட்டரில் முன்னூற்று இருபது வரும்போது எழுத்து எப்படித் தெரியுமோ, அதே மாதிரி எதிர்ச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதி வைத்தாள். அவன் சுற்றிக்கொண்டே மீட்டரையும் சுவரையும் மாறி மாறிப் பார்ப்பான். இரண்டும் ஒரே மாதிரி ஆனதும் நிறுத்துவான். மோட்டார்கள் திரும்பி வருவதில்லை.

பின்கட்டுக்கு இப்போது டிரம்ஸ் ஆள் கிடையாது. ஒரு பெட்டி ‘டிக் டிக்’ என்று தாளம் போடுகிறது. கம்பி என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறான். குருவி அந்தப் பாட்டைத் தொடுவதில்லை. தொட என்ன இருக்கிறது, அது தன்பாட்டுக்கு ஊரில் திரிகிறது. போன மாதம் அவன் கடைக்கு எதிரே டீக்கடையில் அதைப் போட்டார்கள். நான் அப்போது அவன் கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்ற குரல் கேட்டதும் கைப்பிடியை நிறுத்தித் தலையைத் தூக்கினான்.

“யாரு பெரியம்மா இது? எவ்வளவு அழகா எண்ணறாரு!” என்றான்.

மனைவி ஒரு விஷயத்தை என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், அவனிடம் சொல்லவில்லை. சாயங்காலம் கடை சாத்தும்போது அவள் மீட்டரைப் பூஜ்யத்துக்குத் தள்ளிவிட்டுப் பூட்டுகிறாள். சாவி அவள் இடுப்பில். காலையில் அவள்தான் முதலில் திறக்கிறாள். சில காலைகளில் மீட்டர் முன்னூற்று இருபதில் நிற்கிறதாம். ஒன்று கூடியோ குறைந்தோ இருந்ததில்லையாம். அவன் வருவதற்குள் மறுபடி பூஜ்யத்துக்குத் தள்ளிவிடுகிறாளாம்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிர்வரிசையில், சாவி செய்கிற கடைக்கும் தையல் சாமான் கடைக்கும் நடுவில் அவன் கடை இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு வருகிறான், ஆறு மணிக்குப் போகிறான். ஆள் உயிரோடு, நன்றாக இருக்கிறான். மோட்டார்காரரே என்று கூப்பிட்டால் திரும்புவான்.